மூன்றாவது குழுக்கடன் வாங்கி மற்றதை எல்லாம் அடைக்கலாமா? (ஊத்துக்குளிப் பக்கம்)

குன்னத்தூர் ரோடு:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங், வீட்டுக்காரர் விசைத்தறி. இரண்டு பேருக்கும் வாரச் சம்பளம், சனிக்கிழமை ராத்திரி சேர்ந்து கைக்கு வருவது 5,500 சுற்றி. 2025 ஆகஸ்ட் 27-இல் அமெரிக்கா நம் சரக்குக்கு இறக்குமதி வரியை 50 சதவீதம் ஆக்கின பிறகு எங்கள் கம்பெனியில் ஒன்றரை சிப்ட் நின்று ஒரு சிப்ட்தான் ஓடுகிறது, அதனால் இந்த 5,500-மே இப்போதைய கணக்கு. பையன் ஏழாவது, பொண்ணு நாலாவது, மாமியாருக்குச் சர்க்கரை. வீடு சொந்தம், வாடகை இல்லை.

கடன் இப்படி இருக்கிறது. நிதி நிறுவனத்துக்காரர்கள் பெண்களைக் குழுவாகச் சேர்த்துத் தருகிற குழுக்கடன் இரண்டு, ஒன்றுக்கு வாரம் 650, இன்னொன்றுக்கு 800. வண்டித் தவணை மாதம் 2,850. வாஷிங் மெஷின் 1,600, இன்னும் நாலு மாதம். வீட்டுக்காரரின் பெரியம்மா மகனிடம் கைமாத்து 60,000, நூத்துக்கு ரெண்டு, மாதம் 1,200 வட்டி மட்டும் மூன்று வருஷமாகப் போகிறது. வார வசூல்காரரிடம் பத்தாயிரம் எழுதி 8,500 வாங்கினது, வாரம் ஆயிரம் வீதம் பத்துத் தவணை, இன்னும் ஆறு பாக்கி. அப்புறம் மூன்றரைப் பவுன் பேங்கில் 1,10,000-க்கு இருக்கிறது, கார்த்திகையில் மாத்தி வைக்க வேண்டும்.

பணத்தை விட எனக்கு நேரம்தான் பெரிய பாடாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை காலையில் குழு மீட்டிங், ஏழரை மணிக்குக் கம்பெனி வேன், அதற்குள் இரண்டு பேருக்கும் டிபன் கட்ட வேண்டும், மாமியாருக்கு ஊசி போட வேண்டும். எந்தப் பணம் என்றைக்கு என்பதை எல்லாம் நான் ஒருத்திதான் மனசிலேயே வைத்துக்கொண்டு அலைகிறேன். இப்போது இன்னொரு குழுவில் 60,000 தருவதாகச் சொல்கிறார்கள், வாரம் 740, இரண்டு வருஷம். அதை வாங்கிக் கைமாத்தை அடைத்துவிட்டால் ஒரு தலைவலி குறையும் என்று தோன்றுகிறது. வாங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சங்கத்துக் கணக்கர்:

வேண்டாம் அம்மிணி. நான் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன், காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன்.

740 ரூபாய் 104 வாரம் கட்டினால் 76,960. கட்டணம், காப்பீடு பிடித்தது போக உங்கள் கைக்கு 60,000 முழுசாக வராது. ஆண்டு வட்டி 25 சதவீதத்துக்குக் கிட்ட. கைமாத்துக்கு நீங்கள் கொடுக்கிற ரெண்டு வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம். 24-ஐ அடைக்க 25-இல் வாங்குவதில் உங்களுக்கு என்ன மிச்சம்? மாதம் 1,200 போகிற இடத்தில் 3,200 போகும், செவ்வாயோடு இன்னொரு நாள் மீட்டிங்கும் சேரும்.

இன்னொன்று, ரிசர்வ் வங்கி 2022-இல் போட்ட விதிப்படி, குழுக்கடன் கொடுப்பவர்கள் வீட்டின் மொத்த மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகும்படி கடன் கொடுக்கக் கூடாது. அந்தப் பாதியில் வண்டி, மெஷின் எல்லாத் தவணையும் சேர்த்தி. உங்கள் வருமானம் மாதம் 23,800 என்று வைத்தால் பாதி 11,900. இரண்டு குழு, வண்டி, மெஷின் சேர்ந்து இப்போதே 10,730 வந்துவிட்டது. இதற்கு மேல் 3,200 தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் உங்கள் வருமானத்தை எங்கேயோ கூட்டி எழுதுகிறார் என்று அர்த்தம். விண்ணப்பத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வார வசூல் விஷயத்துக்கு வருவோம். 8,500 வாங்கி வாரம் ஆயிரம் கட்டும்போது முதல் வாரத்திலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது, சராசரியாக உங்கள் கையில் இருந்த பணம் 4,700-க்குள்தான். அதற்குப் பத்து வாரத்தில் 1,500 வட்டி. மாதக் கணக்கில் நூத்துக்குப் பதிமூணு பதினாலு ரூபாய் வருகிறது. கைமாத்தை ரெண்டு வட்டி என்று பெரிதாக நினைக்கிறீர்கள், இது அதைப்போல ஏழு பங்கு. ஆனால் வட்டியை முன்பே பிடித்துவிட்டார், இப்போது ஓடிப்போய் மொத்தமாக அடைத்தாலும் ஒரு ரூபாய் மிச்சமாகாது. அதனால் இதை அடைக்க யாரிடமும் கடன் வாங்காதீர்கள். ஆறு வாரம் கட்டி முடியுங்கள். முடித்த பிறகு அந்த வாசலே வேண்டாம்.

பெருந்துறை மேடு:

நகையை வித்துவிடுங்கள் என்பது என் கருத்து. பவுன் இப்போது விற்கிற விலைக்கு மூன்றரைப் பவுனை மீட்டு வித்தால் பேங்க் கடன், கைமாத்து இரண்டும் தீர்ந்து கையில் கொஞ்சம் நிற்கும். வருஷா வருஷம் வட்டி கட்டி மாத்தி வைக்கிற நகை நம் கழுத்துக்கு எப்போது வரப்போகிறது? பெட்டியில்கூட இல்லாத நகைக்கு வட்டி கட்டுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

கோபி மஞ்சக்காடு:

விற்கச் சொல்வது லேசுங்க. பொண்ணு நாலாவது படிக்கிறது, இன்னும் சில வருஷத்தில் சீர் வரும், அன்றைக்கு ஒரு பவுன் வாங்க இவர்களால் முடியுமா? நான் விற்கச் சொல்ல மாட்டேன்.

அக்கா, நீங்கள் எழுதினதில் என் மனசைப் பிடித்தது கடன் தொகை இல்லை, "நான் ஒருத்திதான் மனசிலேயே வைத்துக்கொண்டு" என்கிற இடம்தான். அதை முதலில் மாற்றுங்கள். நகைக்கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் ஒன்று சமையல்கட்டில் தொங்குமே, அதில் ஒவ்வொரு கட்டத்திலும் யாருக்கு எவ்வளவு என்று சிவப்புப் பேனாவில் எழுதுங்கள், நீங்கள் எழுதாமல் வீட்டுக்காரரை எழுத வையுங்கள். தவணை முடிகிற மாதத்தையும் அவரே எழுதட்டும். எங்கள் வீட்டில் அப்படித்தான். பார்க்கிற இடத்தில் தேதி இருந்தால் சனிக்கிழமை ராத்திரி கறிக்கு எவ்வளவு, குழுவுக்கு எவ்வளவு என்று பேச்சு தானாக வரும், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சம்பளம் வந்த அன்றைக்கே குழுப் பணத்தைத் தனியாக எடுத்து, பாஸ்புக்கும் கவரும் ஒன்றாக வைத்துவிட்டால் செவ்வாய்க் காலையில் தேட வேண்டாம். நீங்கள் வேனுக்குப் போகிற நாளில் மாமியாரோ வீட்டுக்காரரோ கொண்டுபோய்க் கட்டட்டுமே, முடியுமா என்று குழுத் தலைவியிடம் கேளுங்கள்.

இன்னொன்று யோசித்துப் பாருங்கள். இந்தக் கடன் ஒவ்வொன்றும் எதற்காக வாங்கினது? பள்ளிக்கூட பீஸ், மாரியம்மன் நோம்பி, ஒரம்பரை (சொந்தக்காரர்) வீட்டுச் சீர், இந்த மாதிரித்தான் இருக்கும். ஆஸ்பத்திரிச் செலவு சொல்லாமல் வரும், சரி. ஜூன் மாதம் பீஸ் கட்ட வேண்டும் என்பது போன ஜூனிலேயே தெரிந்த விஷயம். மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள், அடுத்த ஒரு வருஷத்தில் யார் யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டியது என்று அதில் இருக்கும். அதை எல்லாம் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் எவ்வளவு தனியாக எடுக்க வேண்டும் என்று வந்துவிடும். தீபாவளி போனஸ் வரும்போது துணிமணிக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஜூன் பீஸ் என்று தபால் ஆபீஸிலோ பேங்கிலோ போட்டுவிடுங்கள். கடனைக் கட்டிவிடலாமே என்று கை துறுதுறுக்கும். கட்டிவிட்டு ஜூனில் மறுபடியும் வார வசூல்காரரிடம் போய் நின்றால் என்ன பிரயோஜனம்?

குன்னத்தூர் ரோடு:

எல்லாருக்கும் நன்றிங்க. வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன், காலண்டர் விஷயத்துக்குச் சரி என்றுவிட்டார். நகையில் ஒரு செயின் எங்கள் அம்மாயி (அம்மாவைப் பெற்றவர்) போட்டது, அதை விற்க மனசு வரவில்லை, தப்பாக நினைக்காதீர்கள் பெருந்துறை அண்ணா.

இன்னும் இரண்டு சந்தேகம். வார வசூல்காரர், மூன்று தவணை பாக்கி இருக்கும்போதே புதுசாகப் பத்தாயிரம் தருகிறேன், பழைய பாக்கியை அதில் கழித்துக்கொள்ளலாம் என்கிறார். தீபாவளிச் செலவுக்கு ஆகுமே என்று கேட்கிறேன். அப்புறம், கைமாத்தை இப்படியே வட்டி மட்டும் கட்டிக்கொண்டு விடலாமா, வேறு வழி இருக்கிறதா?

சங்கத்துக் கணக்கர்:

முதல் கேள்விக்கு: பத்தாயிரத்தில் 1,500 வட்டி பிடிப்பார், 3,000 பழைய பாக்கி பிடிப்பார், கையில் தருவது 5,500. ஆனால் மறுபடியும் பத்து வாரம் ஆயிரம் ஆயிரமாகப் பத்தாயிரம் கட்ட வேண்டும். அந்த 3,000-க்கு முதல் தடவையே வட்டி கட்டிவிட்டீர்கள், அதே பணத்துக்கு இரண்டாவது தடவை வட்டி போகிறது. வருஷக்கணக்கில் ஜனங்கள் வெளியே வர முடியாமல் கிடப்பது இந்த இடத்தில்தான், எத்தனையோ குடும்பத்தைப் பார்த்து வயிறெரிந்து சொல்கிறேன். வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மிரட்டினால் பயப்பட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-இலிருந்து இருக்கிறது, 2025-இல் கட்டாய வசூலுக்கு எதிராகவும் தனிச் சட்டம் வந்திருக்கிறது. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுக் கொடுக்கலாம், 15100-க்குக் கூப்பிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள்.

இரண்டாவது. உங்கள் நகையை எப்போது முதலில் வைத்தீர்கள் என்று பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் என்றால் அன்றைய விலைக்குத்தான் 1,10,000 கொடுத்திருப்பார்கள். இப்போது பவுன் விலை ஏறியிருக்கிறது, கார்த்திகையில் மாத்தி வைக்கும்போது அதே நகைக்கு இன்னும் 60,000 கிடைக்க இடம் இருக்கிறது, வேறு நகை எதுவும் வைக்க வேண்டாம். பேங்கிலோ சங்கத்திலோ வட்டி 9, 10 சதவீதம் சுற்றி இருக்கும். அதை வாங்கிக் கைமாத்தை முழுசாக அடையுங்கள். வருஷம் 14,400 வட்டி கட்டின இடத்தில் 6,000 ஆகும்.

ஆனால் ஒரு கட்டாயம். வார வசூலுக்குப் போன ஆயிரமும், கைமாத்து வட்டிக்குப் போன 1,200-ம் சேர்ந்து மாதம் 5,500 வரும். அதை அப்படியே நகைக்கடனில் அசலாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும், மாதா மாதம் கட்டலாம், பேங்கில் வாங்கிக்கொள்வார்கள். ஒரு வருஷத்துக்குள் அந்த 60,000 தீர்ந்துவிடும். கட்டாமல் வீட்டுச் செலவில் கலந்துவிட்டால் அம்மாயி செயினுக்கு இன்னும் பெரிய கடன் ஏறியதுதான் மிச்சம். உங்களால் கட்ட முடியாது என்று தோன்றினால் இந்த வழியே வேண்டாம், பெருந்துறைக்காரர் எல்லாவற்றையும் விற்கச் சொன்னார், அதில் ஒரு உருப்படியை மட்டும் விற்பது மேல்.

பெருந்துறை மேடு:

தப்பாக நினைக்க ஒன்றுமில்லைங்க. செயினை விட்டுவிட்டு வேறு உருப்படி இருந்தால் யோசியுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைக் குழு:

நான் எங்கள் ஊரில் மகளிர் குழுத் தலைவி. நிதி நிறுவனக் குழுவையும் நம் மகளிர் சுய உதவிக் குழுவையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். சுய உதவிக் குழு ஒழுங்காக நடந்தால் பேங்க் இணைப்பில் கிராமப்புறத்தில் 3 லட்சம் வரை 7 சதவீத வட்டியில் குழுவுக்குக் கடன் உண்டு. இன்றைக்குச் சேர்ந்து நாளைக்குக் கிடைக்காது, சேமிப்பு, மீட்டிங், தீர்மான நோட்டு எல்லாம் சில மாதம் ஒழுங்காக இருக்க வேண்டும். அதனால்தான் இப்போதே ஊராட்சியில் விசாரித்துச் சேர்ந்துவிடுங்கள் என்கிறேன். மகளிர் உரிமைத் தொகை உங்களுக்கு வருகிறது என்றால் அதிலிருந்து சேமிப்புக் கட்டலாம்.

நிதி நிறுவனக் குழுவில் உங்களுக்கு உள்ள உரிமையும் தெரிந்துகொள்ளுங்கள். நமக்குப் புரிகிற மொழியில் கடன் அட்டை கொடுக்க வேண்டும், அதில் ஆண்டு வட்டி இருக்க வேண்டும். முன்கூட்டி அடைத்தால் அபராதம் போடக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பிறகும் வசூலுக்காகப் போன் போட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. முதலில் அந்த நிறுவனத்திலேயே எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்குப் போகலாம், விவரம் கேட்க 14448.

கோபி மஞ்சக்காடு:

அக்கா, ஒன்று விட்டுப்போய்விட்டது. கைமாத்து ஒரம்பரைக்குள் என்பதால் நோட்டு எழுதினதையே மறந்திருப்பீர்கள். புரோநோட்டு எழுதிக் கொடுத்திருந்தால், பணம் கொடுக்கிற அன்றைக்கு வீட்டுக்காரரும் கூடப் போய், நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்து வாங்கி, நோட்டையே திருப்பி வாங்கிக்கொண்டு வரட்டும். முழுத் தொகை கொடுக்க முடியாமல் பாதிதான் கொடுக்கிறீர்கள் என்றாலும் வரவு வைக்காமல் வராதீர்கள், அடுத்த மாதத்திலிருந்து மிச்ச அசலுக்கு மட்டும்தான் வட்டி என்று அப்போதே பேசிவிடுங்கள். பெரியம்மா மகன்தானே, எப்படிக் கேட்பது என்று கூச்சப்படாதீர்கள். அவரும் நல்லவராகத்தான் இருப்பார், நாளைக்கு அவர் பையன் கேட்கும்போது காட்ட நம்மிடம் காகிதம் இருக்க வேண்டும்.