மட்டாஞ்சேரி யூதத் தெருவும் ஒரு தட்டு பஸ்தேலும்

கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவுக்குப் போய் வந்தவர்கள் இங்கே எழுதியதை எல்லாம் படித்தேன். "கடைகள்தான் இருக்கு, அரை மணி நேரத்துல முடிஞ்சிடுச்சு" என்றுதான் பாதிப் பேர் சொல்லியிருக்கிறீர்கள். முதல் தடவை எனக்கும் அப்படித்தான் ஆனது. இரண்டாவது தடவை அந்தத் தெரு எனக்கு வேறாகத் தெரிந்தது. அதற்குக் காரணம் ஒரு அடுப்படி, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் தடவை போனது ஒரு சனிக்கிழமை. எர்ணாகுளத்தில் ரயில் இறங்கி, படகுத்துறையில் சீட்டு வாங்கி, ஃபோர்ட் கொச்சி வரை படகு, அங்கிருந்து ஆட்டோ. தெருமுனையில் இறங்கினால் ஜூதப்பள்ளி, அதாவது யூதர்களின் வழிபாட்டுக்கூடம், பூட்டியிருக்கிறது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள், யூதர்களின் பண்டிகை நாட்களிலும் திறக்க மாட்டார்கள், வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேலும் போய்ப் பயனில்லை. குடும்பத்தோடு போகிறவர்கள் இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கண்ணாடி, பித்தளை, பழைய கதவு விற்கும் கடைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ஜன்னல் கம்பிகளில் ஆறுமுனை நட்சத்திரம் இருந்தது. அதற்குப் பின்னால் யார் இருந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இரண்டாவது தடவை ஒரு செவ்வாய்க்கிழமை, காலையிலேயே போய்விட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பள்ளிக்குள் போக வேண்டும். கால் வைத்ததும் தெரிவது தரைதான். சீனாவில் கையால் தீட்டிய நீலமும் வெள்ளையுமான பீங்கான் ஓடுகள், 18ஆம் நூற்றாண்டில் வந்தவை. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை என்பார்கள். குனிந்து பார்த்தால் ஒன்றில் மரம் சாய்ந்திருக்கிறது, பக்கத்து ஓட்டில் அதே மரம் வேறு மாதிரி சாய்ந்திருக்கிறது. நடுவில் பித்தளைக் கம்பி சுற்றிய மேடை. தலைக்கு மேலே பெல்ஜியம் கண்ணாடி விளக்குகளும் எண்ணெய் விளக்குகளும். இந்தப் பள்ளி 1568இல் கட்டியது. கொச்சி ராஜா தன் அரண்மனைக்கு ஒட்டியே இடம் கொடுத்திருக்கிறார். அரண்மனை வளாகத்து பகவதி கோவிலுக்கும் இதற்கும் நடுவே ஒரு சுவர்தான். 1662இல் போர்த்துகீசியர்கள் பாழாக்கினார்கள், அடுத்த வருடம் டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தபிறகு மறுபடி எழுந்தது. மணிக்கூண்டு 1760இல் எசக்கியேல் ரஹபி என்ற வணிகர் கட்டியது. அதன் முகங்களில் எபிரேய எண், ரோமன் எண், மலையாள எண். அரண்மனைப் பக்கம் இருப்பது மலையாள முகம். அந்தப் பழைய மலையாள எண்களைப் பார்த்தால் நம் ௧, ௨, ௩ ஞாபகத்துக்கு வரும்.

தமிழ் படித்தவர்களுக்கு நெருக்கமான விஷயம் இன்னொன்றும் இங்கே உண்டு. சுமார் 1000ஆம் ஆண்டில் பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர மன்னர், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்குக் கொடுத்த செப்பேட்டை இந்தப் பள்ளியில்தான் பாதுகாத்து வருகிறார்கள். எழுத்து, அந்தக் காலத்து வட்டெழுத்து. செப்பேட்டில் அவர் பெயர் "இசுப்பு இரப்பான்". பகல்விளக்கு, நடக்க விரிக்கும் பாவாடை, அந்தோளம் (பல்லக்கு), குடை, தோரணம் என்று அவருக்குத் தந்த உரிமைகளின் பெயர்களை நம் ஊர்ப் பெரியவர் யாரிடம் சொன்னாலும் உரை இல்லாமலே புரியும். செப்பேடு வெளியிட்ட ஊர் முயிரிக்கோடு, அதாவது இன்றைய கொடுங்கல்லூர். பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கப்பல்களை அகநானூறு பாடுகிறதே, அந்த முசிறித் துறை இருந்ததும் அந்தப் பக்கம்தான். யூத வணிகர்கள் வந்ததும் மிளகுக்காகத்தான், தங்கியதும் மிளகால்தான். இப்போதும் தெருவில் நடந்தால் கிடங்குகளிலிருந்து காய்ந்த இஞ்சியும் மிளகும் மூக்கில் ஏறும்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன்.

நான் தங்கியது ஃபோர்ட் கொச்சியில் ஒரு வீட்டில், மாடியில் இரண்டு அறையை வாடகைக்கு விடுகிறார்கள். வீட்டுக்கார அக்காவின் அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கத்தோலிக்கக் குடும்பம், நான் அம்மச்சி என்றே கூப்பிட்டேன். யூதத் தெருவுக்குப் போய் வந்ததைச் சொன்னதும், "என்டெ அம்மா அவிடெ ஒரு வீட்டில் அடுக்களைப் பணிக்குப் போயிருந்நு மோளே" என்றார். அம்மா கற்றுக்கொண்டு வந்ததை இவரும் கற்றுக்கொண்டிருக்கிறார். வருடத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸுக்கு, அந்தப் பலகாரத்தைச் செய்வாராம். "நாளெ உண்டாக்கித் தராம்" என்றார், மறுநாள் நிஜமாகவே மாவு பிசைய உட்கார்ந்துவிட்டார்.

அதன் பெயர் பஸ்தேல். பார்த்தால் நம் சோமாசிதான், அதே அரைவட்டம், அதே மடிப்பு. ஆனால் உள்ளே பூரணம் கிடையாது. கோழியை வேகவைத்து, எலும்பு எடுத்து, சின்னதாகக் கொத்தி, வெங்காயமும் மஞ்சளும் நிறைய மிளகும் போட்டு வதக்கி, அவித்த முட்டையை நசுக்கிச் சேர்த்து, மல்லித்தழை தூவி ஆறவைத்தார். மைதா மாவைச் சின்ன உருண்டையாக்கி, அப்பளம் மாதிரி மெல்லிசாகத் தேய்த்து, நடுவில் ஒரு கரண்டி வைத்து, ஓரத்தைக் கட்டைவிரலால் மடக்கி மடக்கிக் கயிறு திரித்தாற்போல் கொண்டு போனார். நான் மடித்தவை எண்ணெயில் வாய் பிளந்துகொண்டன. அவருடையது ஒன்றுகூடப் பிரியவில்லை.

இதில் நான் மறக்க முடியாதது ஒன்று நடந்தது. மாவு பிசையும்போது, எங்கள் வீட்டுப் பழக்கத்தில், பக்கத்தில் இருந்த நெய்ப் பாட்டிலை எடுத்து நீட்டினேன். அம்மச்சி கையை நடுவில் வைத்துத் தடுத்தார். "நெய் வேண்டா. இதில் நெய் சேர்க்கில்லா." ஏன் என்று கேட்டேன். அவருக்குக் காரணம் தெரியவில்லை. அம்மா சேர்க்க மாட்டாள், அதனால் நானும் சேர்க்க மாட்டேன், அவ்வளவுதான்.

காரணம் எனக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் உடம்பு சிலிர்த்தது. குட்டியை அதன் தாயின் பாலிலே சமைக்காதே என்பது யூத வேதத்தின் கட்டளை. அதை ஒட்டி இறைச்சியையும் பால் சார்ந்த எதையும் ஒன்றாகச் சமைக்க மாட்டார்கள், ஒன்றாகச் சாப்பிடவும் மாட்டார்கள். பால், தயிர், வெண்ணெய், நெய் எல்லாமே அதில் அடங்கும். உள்ளே கோழி இருப்பதால் மேல் மாவில் நெய் கூடாது. அந்தச் சட்டம் யாரைக் கட்டுப்படுத்தியதோ அவர்கள் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். இங்கே ஒரு கத்தோலிக்கப் பாட்டி, கிறிஸ்துமஸ் பலகாரத்தில், ஏன் என்றே தெரியாமல் அதை அப்படியே காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

நான் சொன்னதைக் கேட்டு அம்மச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அதாணு தேங்காப்பால்" என்றார். ஆமாம், அதேதான். நாம் பிரியாணிக் கறியைத் தயிரில் ஊறவைக்கிறோம், அவர்களால் முடியாது. ஆனால் கொச்சியில் தென்னை இருக்கிறது. தேங்காய்ப்பால் பால் இல்லை, காயிலிருந்து வருவது, அதனால் இறைச்சிக் குழம்பிலும் தாராளமாக ஊற்றலாம். வேறு ஊர்களில் யூதச் சமையலுக்குத் தடையாக இருந்த ஒரு விதிக்கு இங்கே கொல்லைப்புறத்து மரத்திலேயே விடை கிடைத்துவிட்டது. அவர்கள் இந்த மண்ணில் எப்படி ஒட்டினார்கள் என்பதை எனக்கு அந்தப் பீங்கான் தரையைவிட இதுதான் நன்றாகச் சொன்னது.

மீனிலும் இதே கதைதான். செதிலும் துடுப்பும் இருந்தால்தான் சாப்பிடுவார்கள். இறாலும் நண்டும் கணவாயும் குவிந்து கிடக்கும் கரையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டு அவற்றைத் தொடாமலே இருந்திருக்கிறார்கள். அன்று ராத்திரி அம்மச்சி செய்தது சுட்டுள்ளி மீன். சின்ன வெங்காயம், மிளகாய், மல்லி, கறிவேப்பிலை எல்லாம் சேர்த்து அரைத்து, மீனில் அப்பி, தோசைக்கல்லில் மெதுவாகச் சுட்டு எடுத்தார். வெங்காயம் ஓரங்களில் கருகி ஒரு இனிப்பு வரும், அதுதான் அதன் ருசி. சோறு கூட வேண்டாம், கையால் பிட்டுச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை பூட்டிய கதவு முன்னால் நின்றேனே, அதற்கும் அன்றைக்குத்தான் அர்த்தம் கிடைத்தது. ஓய்வுநாளில் நெருப்பு மூட்டக் கூடாது. அதனால் வெள்ளிக்கிழமை சூரியன் சாய்வதற்கு முன்பே பானையைக் கனலின் மேல் வைத்து மூடிவிடுவார்கள், ராத்திரி முழுக்க மெல்ல வெந்து மறுநாள் சூடாக இருக்கும், அதற்கு ஹமீன் என்று பெயர். அம்மச்சியின் அம்மா வெள்ளிக்கிழமைகளில் சீக்கிரம் வேலைக்குக் கிளம்பி, இருட்டும் முன் திரும்பிவிடுவாராம். "சனியாழ்ச தெருவு உறங்கும்" என்று அவர் அம்மா சொல்வது வழக்கமாம்.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் தப்பு. நாம் "பரதேசி" என்றால் பிச்சைக்காரர், வசவு. அங்கே வெளிதேசத்திலிருந்து வந்தவர் என்று பொருள். பரதேசி யூதர்கள் பிற்காலத்தில் ஸ்பெயின் பக்கமிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்தவர்கள். அவர்களுக்கு முன்பே இருந்த மலபார் யூதர்களைத் தங்களுக்குச் சமமாக நடத்தவில்லை. விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்களை அந்த அழகான பள்ளியின் பெஞ்சில் உட்காரவே விடவில்லை, அவர்கள் தரையிலும் முன்கூடத்திலும்தான் உட்கார வேண்டும். அதை எதிர்த்துச் சத்தியாகிரகம் செய்தவர் ஏ. பி. சேலம் என்ற வக்கீல் (1882–1967), அப்படி ஒதுக்கப்பட்டவர்களில் ஒருவராகப் பிறந்தவர், சென்னையில் படித்தவர், யூத காந்தி என்று அழைக்கப்பட்டவர். இன்று ஒரு வீதிக்கு அவர் பெயர் இருக்கிறது. எத்தனையோ பேர் அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள், அவர் யார் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. ஜாதி பார்த்து உட்கார வைத்த பெஞ்சுகளை நாமும் பார்த்தவர்கள்தானே.

அந்தத் தெருவில் வாழ்ந்த யூதப் பாட்டி சாரா கோஹனின் கடை இன்னும் இருக்கிறது. ஓய்வுநாள் ரொட்டியை மூடும் துணிகளில் பூத்தையல் போட்டு விற்றவர், 2019இல் 96 வயதில் காலமானார். கடைசிவரை அவரைப் பார்த்துக்கொண்டது ஒரு முஸ்லிம் குடும்பம், இன்றும் கடையை நடத்துவது அவர்கள்தான். நான் ஒரு துணி வாங்கினேன். அந்தத் தெருவில் கடைசியாக எஞ்சியிருந்த யூதர்களில் ஒருவரான குவீனி ஹலேகுவாவும் 2024 ஆகஸ்டில் போய்விட்டார். முழுமையான கூட்டு வழிபாட்டுக்கு வயதுவந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும், அந்தத் தெருவில் பத்துப் பேர் இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிறது.

போகிறவர்கள் நெஹேமியா மோட்டா சமாதியை விட்டுவிடாதீர்கள். மட்டாஞ்சேரியிலேயே, வீடுகளுக்கு நடுவில், வெள்ளையடித்த ஒரு சின்ன மேடை. 1615இல் காலமான யூதக் கவிஞர் அவர். இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர்கள் எல்லோரும் அங்கே மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள். நான் போனபோது பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பையன் ஏற்றிக்கொண்டிருந்தான், பரீட்சைக்காம். நேரம் இருந்தால் வடக்கே பரவூரும் சேந்தமங்கலமும் போங்கள், அங்கே மலபார் யூதர்களின் பள்ளிகளைப் பழுதுபார்த்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். கூட்டம் இருக்காது.

ஊர் திரும்பி இரண்டு தடவை பஸ்தேல் செய்துவிட்டேன், எண்ணெய் மட்டும் விட்டுப் பிசைந்து. மடிப்பு இன்னும் அம்மச்சி அளவுக்கு வரவில்லை. இங்கே கொச்சிப் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால், உங்கள் வீட்டுப் பாட்டிமார் யாரேனும் அந்தத் தெருவில் வேலை பார்த்தவர்களாக இருந்தால், அவர்கள் செய்யும் பலகாரத்தை ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து இங்கே எழுதுங்கள். எதைச் சேர்க்க மாட்டார்கள் என்பதையும் மறக்காமல் கேட்டு எழுதுங்கள்.