பணிச்சோர்வு என்று சொன்னால் விமானியின் மருத்துவச் சான்றிதழ் பறிபோகுமா?

வலவன்: அமெரிக்காவில் பயணிகள் விமான நிறுவனம் ஒன்றில் துணை விமானியாக இருக்கிறேன். நேற்று அதிகாலை மூன்றரைக்கு விடுதி அறையில் அலாரம் அடித்தபோது, எந்த ஊரில் இருக்கிறேன் என்று அறிய சாவி அட்டையின் உறையைப் படித்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஐந்து மாதங்களாக இதே நிலைதான். மனநல ஆலோசகரைப் பார்த்தால் பறக்கத் தேவையான முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் போய்விடுமா?

ஓடுபாதை: அஞ்ச வேண்டாம், நண்பரே. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வைத் தொழில்சார்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்தியது, நோய் என்று சொல்லவில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் மருத்துவச் சான்றிதழ்ப் படிவத்தில் 19ஆம் கேள்வி, கடந்த மூன்றாண்டுகளில் நீங்கள் நாடிய மருத்துவர்களைக் கேட்கிறது. ஆனால் நிறுவனமே நடத்தும் ஊழியர் நல ஆலோசனைக்குச் சென்றதை, காரணம் போதைப்பழக்கமாக இல்லாமலும், அங்கிருந்து மனநல மதிப்பீட்டுக்கோ சிகிச்சைக்கோ உங்களை அனுப்பாமலும் இருந்தால், எழுத வேண்டியதில்லை என்று அதன் விளக்கக் குறிப்பே கூறுகிறது.

எதிர்க்காற்று: அந்த ‘அனுப்பாமல் இருந்தால்’ என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. வெளி ஆலோசகர் காப்பீட்டுக்காக ஏதேனும் ஒரு நோய்க் குறியீட்டை எழுதியாக வேண்டும். பணிச்சோர்வு என்றால் பணம் வராது என்பதால், அவர் நல்லெண்ணத்தோடு ‘மனச்சோர்வு’ என்று குறித்துவிட்டால், 18ஆம் கேள்வியில் அதை எழுதியாக வேண்டும்; உங்கள் வாழ்நாளில் எப்போதேனும் இருந்த நோய்களை அது கேட்கிறது. மறைத்தாலோ அது குற்றம்.

ஓடுபாதை: மனச்சோர்வே என்றாலும் கதவு அடைபடவில்லை. 2010 முதல் சில மனச்சோர்வு மருந்துகளை உட்கொண்டபடியே பறக்கச் சிறப்பு அனுமதி உண்டு. ஆறு மாதமாக இருந்த காத்திருப்பு 2023இல் மூன்றாகக் குறைந்தது.

எதிர்க்காற்று: குறைந்தது மருந்தில் நிலைபெறும் காலம் மட்டுமே. அதற்குப் பிறகு கோப்பு நகர ஆகும் மாதங்களில் வீட்டுக் கடன் தவணையை யார் கட்டுவார்கள்?

கோபுரம்: இருவரும் சான்றிதழையே பேசுகிறீர்கள். 2015 மார்ச் 24 அன்று 150 பேரைப் பலிகொண்ட ஜெர்மன்விங்ஸ் விமான வீழ்ச்சியை இங்கே இழுக்க மாட்டேன். அது கடும் மனநோயை மறைத்த துணை விமானி வேண்டுமென்றே செய்தது, அதை நண்பரோடு ஒப்பிடுவது நியாயமல்ல. ஆனால் களைப்பினால் பாதுகாப்பாகப் பணியாற்ற இயலாதென்றால் விமானி பறக்கவே கூடாது என்று, பணிநேரத்தையும் ஓய்வையும் வகுக்கும் எஃப்.ஏ.ஏ.வின் 117ஆம் பகுதி விதி சொல்கிறது. ஊரின் பெயரை உறையில் தேடிய காலையில் நீங்கள் பறந்தீர்களா?

வலவன்: பறந்தேன், ஐயா, இரண்டு முறை. நாளைய பணிக்குக் களைப்பு என்று சற்றுமுன் தெரிவித்துவிட்டேன். ஊழியர் நல ஆலோசனை எண்ணைத் திங்களன்று அழைக்கப்போகிறேன். வெளியே அனுப்புவதானால் என்ன எழுதுவீர்கள் என்பதுதான் என் முதல் கேள்வி.