தொட்டியில் வளர்த்த விரால் குஞ்சு ஏரியில் ஒளிவதில்லை: யோசனை சொல்லுங்கள்

வணக்கம். வெறும் சிமெண்ட் தொட்டியில் மிதவைத் தீவனம் போட்டு வளர்த்த 3-4 அங்குல விரால் குஞ்சுகளை ஏரியில் விட்டால், கோரைக்குள் போகாமல் கரையோரம் திறந்த தண்ணீரிலேயே கூட்டமாக நிற்கின்றன. ஆள் நிழல் விழுந்தால் ஓடாமல், தீவனம் வருகிறது என்று வாயைத் திறந்துகொண்டு மேலே வருகின்றன. மீன்கொத்திக்கும் நீர்க்காகத்துக்கும் வேறென்ன வேண்டும்! ஏரியிலேயே பிறந்த குஞ்சு அந்த நொடியே பாசிக்குள் பாய்ந்துவிடும்.

அடுத்த தொகுதியில், விடுவதற்கு 3 வாரம் முன்பே தொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மறைவிடம் வைக்கப் போகிறோம். மூங்கில் சட்டத்துக்குள் ஆகாயத்தாமரை, அடியில் இரண்டு அங்குல பிவிசி குழாய்த் துண்டுகள். விரால் மேலே வந்து காற்றுக் குடிக்க வேண்டும் என்பதால் முழுக்க மூட முடியாது.

பயம் இதுதான்: வேருக்குள் மிச்சத் தீவனம் தங்கினால் அம்மோனியா ஏறும், பெரிய குஞ்சு குழாயில் பதுங்கிச் சின்னதைப் பிடிக்கும். பெரிசு, சிறிசு என்று தரம் பிரிக்க வலை இழுக்கவும் குழாய் இடைஞ்சல்.

செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: 3 வாரம் போதுமா? கைத்தீவனத்தை எப்போது நிறுத்தினீர்கள்? நேரே விட்டீர்களா, கோரை ஓரம் ஹாப்பா வலையில் (தண்ணீருக்குள் கட்டும் வலைக்கூண்டு) சில நாள் வைத்தா?