பிரித்தானியா: அகதி அந்தஸ்து கிடைத்தும் குடும்பத்தை அழைக்க முடியவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம் அண்ணாமார், அக்காமார். இங்கே என் தம்பிக்குப் போன மாதம்தான் அகதி அந்தஸ்து கிடைத்தது. மனைவியும் மகளும் யாழ்ப்பாணத்தில். ஆனால் 2025 செப்டம்பர் 4 முதல் அகதிகளின் குடும்ப இணைவுக்குப் புதிய விண்ணப்பம் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். முன்பு அதற்குக் கட்டணமும் இல்லை, வருமான நிபந்தனையும் இல்லை. இப்போது துணைவர் விசாவுக்கு ஆண்டுக்கு 29,000 பவுண் வருமானம் காட்ட வேண்டுமாம். கிடங்கில் இரவு வேலை செய்பவன் எங்கே போவான்? அவன் புறப்பட்டபோது தவழ்ந்த பிள்ளை இப்போது, "எப்ப கூப்பிடுவீங்கள் அப்பா?" என்று தொலைபேசியில் கேட்கிறாள். பாவம், அவனால் பதில் சொல்ல முடியவில்லை.

மனித உரிமை அடிப்படையில் வருமான விலக்கு, கட்டண விலக்கு கேட்டு யாராவது விண்ணப்பித்தீர்களா? என்னென்ன ஆதாரங்கள் வைத்தீர்கள்? அப்புறம், இலவச சட்ட உதவியில் இதை எடுத்துச் செய்யும் வழக்கறிஞர் தெரிந்தால் தயவுசெய்து உட்பெட்டியில் சொல்லுங்கள்.