ட்ரீ ஷ்ரூவுக்குத் தமிழில் என்ன பெயர்: மரமூஞ்சூறா, அணத்தானா?

வணக்கம் அக்கா, குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

> மரமூஞ்சூறு என்றே வைத்துவிடலாம். மாணவர் கையேடு அச்சுக்குப் போக வேண்டும். ட்ரீ என்றால் மரம், ஷ்ரூ என்றால் மூஞ்சூறு, இதில் குழப்பமே இல்லை.

அவசரம் புரிகிறது. ஆனாலும் இந்தச் சொல் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அணில் போலத் தோன்றும் அந்தச் சிறு விலங்கு மூஞ்சூறே இல்லை. நீண்ட மூக்கைப் பார்த்துப் பூச்சியுண்ணிகளோடு சேர்த்தார்கள், பிறகு குரங்கினத்தின் உறவு என்றார்கள், இப்போது தனி விலங்கு வரிசையில் (ஆர்டர்) வைத்திருக்கிறார்கள். ஆங்கிலப் பெயரில் தங்கிவிட்ட பழைய பிழையை நாம் ஏன் தமிழுக்குக் கொண்டுவர வேண்டும்? மூஞ்சூறு என்றதும் பிள்ளைகளுக்கு நினைவு வருவது பிள்ளையாரின் வாகனமும் இரவில் சமையலறையில் அடிக்கும் வாடையும்தான். இதுவோ பட்டப்பகலில் அலையும் பிராணி.

இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் பெரிது. தமிழில் இதற்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறது: மூங்கில் அணத்தான். தென்னிந்திய இனத்தின் அறிவியல் பெயர் அனதானா எலியோட்டி. 1913இல் விலங்கியலாளர் லையன் அதைத் தனிப் பேரினமாக (ஜீனஸ்) பிரித்தபோது, அந்தத் தமிழ்ச் சொல்லிலிருந்துதான் அனதானா என்ற பெயர் வந்தது. எலியோட்டி என்பது சென்னை மாகாணத்தில் பணியாற்றிய வால்டர் எலியட்டைக் குறிக்கும். உலகமே தமிழ்ப் பெயரால் அழைக்கும் ஒரு விலங்குக்கு நாம் ஆங்கிலத்திலிருந்து பெயர் பெயர்ப்பதா, அக்கா?

> அணத்தான் என்றால் அணில்தானே? சிங்கப்பூர் மெக்ரிட்சி காட்டில் பார்க்கும் பிள்ளைகள் குழம்ப மாட்டார்களா?

நியாயமான கேள்வி. மலாய்க்காரர்கள் சொல்லும் துப்பாயும் அணில்தான். அதை எடுத்து 1821இல் துப்பாயா என்று பேரினப் பெயர் வைத்தவர் சிங்கப்பூரை நிறுவிய நம் ராஃபிள்ஸ். இங்கே புக்கிட் தீமா காட்டில் ஓடுவது அந்தத் துப்பாயாதான். இரண்டு ஊர் மக்களும் ஒரே மாதிரி பார்த்து ஒரே மாதிரி பெயர் வைத்திருக்கிறார்கள். கலைச்சொல்லில் அணிலுக்கு அணில் இருக்கட்டும், இதற்கு அணத்தான் இருக்கட்டும். நேரில் பிரித்துக் காட்டுவதும் எளிது: மூக்கு கூராக நீண்டிருக்கும், அணிலுக்கு உள்ள நீள மீசை இருக்காது. முன்காலில் ஐந்து விரலும் தெளிவாகத் தெரியும், அணிலுக்கு நான்குதான்.

ஆகவே பொதுப்பெயர் அணத்தான், தென்னிந்திய இனம் மூங்கில் அணத்தான், இங்குள்ளது மலாயா அணத்தான். சரியா?

அப்புறம், கையேட்டில் "வறண்ட காடு" என்று இருப்பதையும் மாற்ற வேண்டும். படித்தால் காய்ந்து செத்த காடு போலத் தோன்றுகிறது. "உலர் இலையுதிர் காடு" என்று எழுதுவோம். கோடையில் இலை கொட்டி மொட்டையாக நிற்கும், மழை விழுந்ததும் துளிர்க்கும். மொட்டையாக நிற்கும் மாதங்களில் பார்ப்பவர்கள் தரிசு என்று நினைத்துவிடுகிறார்கள், விறகுக்கும் சுரங்கத்துக்கும் விளைநிலத்துக்கும் அதுதான் முதலில் போகிறது. தமிழ்நாட்டின் சேர்வராயன் மலைப் பக்கம் மூங்கில் அணத்தான் வாழ்வது அப்படிப்பட்ட காட்டில்தான். சிறு சரிவில் ஏறி, உடம்பைத் தேய்த்தபடி சறுக்கி இறங்கித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் பிராணி அது. நூற்றறுபது கிராம் எடைதான் இருக்கும். அந்தக் காடு போனால் அனதானாவின் வாழிடம் சுருங்கும். அந்தப் பேரினத்தில் இருப்பது இந்த ஓர் இனம்தான், அதுவும் இந்தியாவில் மட்டும்.

அன்புடன்,
தம்பி

> தம்பி, ஏற்றுக்கொள்கிறேன். ஒரே சந்தேகம்: அணத்தான் ஆண்பால் போல ஒலிக்கிறதே, பெண் விலங்கை என்ன சொல்வது?

ஓணான், கரிச்சான் மாதிரிதான் அக்கா. பெண் ஓணானையும் ஓணான் என்றுதானே சொல்கிறோம். வினை மட்டும் அஃறிணையில் வரட்டும்: அணத்தான் ஓடியது, அணத்தான்கள் ஓடின.