மலையிறக்கச் சைக்கிள் கையேடு: ஷாக் எடைக்கு இறங்கும் அளவுக்கு ஒரு சொல் வேண்டும்

காட்பாடி, பயிற்றுநர்:

அனைவருக்கும் வணக்கம். மலைச்சரிவில் சைக்கிள் ஓட்டப் பழகும் பிள்ளைகளுக்காக, வண்டிக்கு எந்தப் பாகத்தை வாங்குவது, எதை எப்போது மாற்றுவது என்று ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டயர், டிஸ்க், செயின், பெடல் எல்லாம் அவர்கள் வாயில் இருக்கும் சொற்களே, அவற்றைத் தொடவில்லை. ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்.

தலைக்கவசம், முழங்கால் காப்பு எல்லாம் போட்டுக்கொண்டு வண்டிமேல் ஏறி நின்றதுமே, எந்த மேட்டிலும் மோதாமல், வெறும் எடைக்கே, முன்சக்கரத்தைப் பிடித்து அதிர்வைத் தாங்கும் ஃபோர்க்கும், பின்சக்கர அதிர்வைத் தாங்கும் ஷாக்கும் கொஞ்சம் இறங்கும். அந்த அளவுக்குப் பெயர் வேண்டும். 200 மி.மீ. அமுங்கக்கூடிய ஃபோர்க்கில் கால் பங்கு வைத்தால் 50 மி.மீ. பின் ஷாக்கின் தண்டு 75 மி.மீ. ஓடுமென்றால், 30 விழுக்காட்டுக்கு 22.5 மி.மீ. தண்டில் ஒரு ரப்பர் வளையத்தைத் தள்ளி வைத்து, ஏறி இறங்கி, ஸ்கேலால் அளப்பார்கள்.

ஆங்கிலச் சொல்லையே (sag) வைத்துக்கொள்ளலாம் என்றால் தமிழில் அது ‘சாக்’. ‘ஷாக்கின் சாக்கை அளக்கவும்’ என்று எழுதினால் பிள்ளைகள் அச்சுப்பிழை என்றே நினைப்பார்கள். இப்போதைக்கு ‘அமிழ்வு’ என்று போட்டிருக்கிறேன்.

ஆரணி, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

தம்பி, அமிழ்வு அருமையான சொல். மாற்ற வேண்டாம். அமிழ், அமுங்கு, அமர், அமை எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்று கொள்ளலாம். கீழே சென்று நிலைகொள்வது என்பதே அடிப்பொருள். நம் வேலூருக்கு அருகில் இருக்கும் அமிர்திக் காட்டின் பெயரும் அமிழ்தி என்பதிலிருந்து வந்திருக்கலாம் என்று நெடுநாளாக எண்ணுகிறேன். நீர் மலையிடுக்கில் அமிழும் இடம். ழகரமும் ரகரமும் மாறி வருவதற்கு அமிழ்தம், அமிர்தம் என்ற இணையே போதும்.

இன்னொன்று. தலைப்பிலேயே ‘சைக்கிள்’ எதற்கு? மிதிவண்டி என்று பாடநூல் சொல்கிறது, பிள்ளைகளுக்கும் புரிகிறது. வந்த சொல்லைத் தமிழ் எழுத்துக்கு மாற்றி ஏற்கலாம் என்று தொல்காப்பியர் வழிவிட்டது உண்மை. நம்மிடம் சொல் இருக்கும்போதும் ஏற்கச் சொன்னாரா?

ஆற்காடு, சைக்கிள் பட்டறை:

ஐயா, வணக்கம். அமிழ்வுன்னா ஏரியில முழுவுற மாதிரி இருக்கு. பட்டறையில இதுக்குக் கிட்டத்துல இருக்கிற பேச்சு ‘உக்கார்றது’. ஆனா அதையும் போடாதீங்க. ‘இன்னாண்ணா, ஷாக் உக்காந்துகிச்சி’ன்னு வந்தா சீல் போயிடுச்சி, ஆயில் கசியுதுன்னு அர்த்தம். நீங்க கேக்குறது கோளாறு இல்ல, வேணும்னே வைக்கிற அளவு. ‘தொய்வு’ன்னு யாராச்சும் சொல்றதுக்கு முன்ன சொல்லிடறேன், அதுவும் கோளாறுதான்.

சொல்லு எதுவா இருந்தாலும் இத மொதப் பக்கத்துல போடுங்க சார். வண்டி கீழ தட்டுதுன்னு பசங்க புது ஃபோர்க் வெல கேக்குறாங்க. அளந்து பாத்தா எடைக்கும் ஸ்பிரிங்குக்கும் பொருத்தமே இருக்காது. காயில் ஷாக்குன்னா ஸ்பிரிங் எவ்ளோ கெட்டின்னு 400, 450, 500ன்னு அது மேலயே அடிச்சிருக்கும், அத மட்டும் மாத்தலாம். ஸ்பிரிங்க இறுக்குற வளையத்த ஓரிரு சுத்துக்கு மேல முடுக்கி அளவக் கொண்டாரக் கூடாது. மிச்சமாகுற காசுக்கு செவுரு தடிச்ச டயரும் நாலு பிஸ்டன் பிரேக்கும் வாங்குனா எறக்கத்துல அதான் காப்பாத்தும்.

குடியாத்தம், மொழிபெயர்ப்பாளர்:

பட்டறைக்காரர் சொல்வதே என் கருத்தும். அவர் பேச்சிலிருந்தே சொல் எடுக்க வேண்டும். ‘ஷாக் அமுங்குது’ என்று எல்லோரும் சொல்கிறோம், ஆகவே அமுங்கல். இலக்கணமும் துணை நிற்கிறது. அடங்கு–அடக்கு, திருந்து–திருத்து போல அமுங்கு–அமுக்கு. மெல்லெழுத்து வந்தால் தன்வினை, வல்லெழுத்து வந்தால் பிறவினை. எடைக்குத் தானாக இறங்குவது அமுங்கல்; பாறை மோதி உள்ளே தள்ளுவது அமுக்கம்.

சொல் நிலைக்காது என்று யாரும் அஞ்ச வேண்டாம். ஏலகிரி ஏறும் பேருந்தில் ‘எத்தனையாவது கொண்டை ஊசி?’ என்று பிள்ளைகள் எண்ணிக்கொண்டு போகிறார்கள். மொத்தம் 14 வளைவு. அதுவும் எவரோ உட்கார்ந்து மொழிபெயர்த்த சொல்தானே.

வேலூர், இயற்பியல் ஆசிரியை:

ஐயா, பாறை தள்ளினாலும் ஷாக் அமுங்கத்தானே செய்கிறது? எடையும் அமுக்கத்தானே செய்கிறது? தன்வினை, பிறவினை கொண்டு இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. வேறுபாடு விசை எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. அதனால் ‘எடை’ என்பதைச் சேர்த்துவிடலாம்: எடை அமுங்கல். தேர்வில் வரையறை கேட்டால் சொல்லே விடை சொல்லிவிடும். அமுக்கம் பற்றியும் ஒரு எச்சரிக்கை: இலங்கைப் பாடநூல்களில் அது நாம் அழுத்தம் என்பதைக் குறிக்கும். காற்று ஷாக் பற்றிய பக்கத்தில் அமுக்கமும் அழுத்தமும் அருகருகே வரப்போகின்றன.

அதைவிட எனக்குக் கவலை, வரைவின் அடுத்த பக்கத்தில் ஷாக் திரும்பி எழுவதற்கு நீங்கள் எழுதியிருக்கும் ‘மீட்சி’. மேல்நிலை வகுப்பில் மீட்சி என்பது பொருளின் பண்பு. ரப்பரைவிட எஃகுக்கு மீட்சி அதிகம் என்று நடத்துகிறோம். இங்கே நீங்கள் சொல்வது எழும் வேகம். அந்த வேகத்தைத் தடுக்கத்தான் உள்ளே எண்ணெய் ஓடுகிறது. என் மாணவர் ஒருவர் இரண்டையும் படித்தால் குழம்பத்தான் செய்வார்.

ஆரணி, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

அம்மா சொன்ன வேறுபாட்டை ஏற்கிறேன். ஆனால் புணர்ச்சியை விட்டுவிட முடியாது. எடை + அமுங்கல், இடையில் யகரம் தோன்றி எடையமுங்கல். பிரித்து எழுதினால் ஒரு சொல்லாக நிற்காது, ‘எடை அமுங்குகிறது’ என்ற தொடரைப் போலாகிவிடும். அமிழ்வு என்றால் இந்தச் சிக்கலே இல்லை.

காட்பாடி, பயிற்றுநர்:

எல்லோருக்கும் நன்றி. தனி அஞ்சலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலோர் எடை அமுங்கல் பக்கம். பிரித்தே அச்சிடுகிறேன் ஐயா, ஸ்கேலைப் பிடித்துக்கொண்டு படிப்பவருக்கு அது எளிது. அமிழ்வையும் சொற்பட்டியலில் அடைப்புக்குறிக்குள் தருகிறேன். பட்டறை அண்ணன் சொன்ன ஸ்பிரிங் செய்தி முதல் பக்கத்துக்குப் போய்விட்டது. சைக்கிள் சைக்கிளாகவே இருக்கும்.

மீட்சியை எடுத்துவிட்டேன். மீள்வு, மீளெழல், எழும்பல் மூன்றில் எது?

ஆரணி, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்:

மீளெழல். சைக்கிள் பற்றிய என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும்.

வேலூர், இயற்பியல் ஆசிரியை:

மீள்வு. சுருக்கமானது.

ஆற்காடு, சைக்கிள் பட்டறை:

சார், ஷாக் திரும்பி எழுற வேகத்த மாத்துற திருகு பெரும்பாலும் செவப்புலதான் வருது. நாங்க ‘செவப்ப ரெண்டு சொடுக்கு திருப்பு’ன்னுதான் சொல்றோம். வெள்ளிக்கெழமைக்குள்ள முடிவாகலன்னா ‘சிவப்புத் திருகு’ன்னு போட்டு படத்தப் போடுங்க.