புதுப்பிப்பு: காருக்குள் கேட்ட இரைச்சல் பெருமளவு அடங்கிவிட்டது

தினமும் ஓட்டும் காரில் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினாலே பின்பக்கம் 'ஊ...' என்று ஓயாத இரைச்சல் என முன்பு ஒரு பதிவில் எழுதியிருந்தேன். நான்கு கதவுகளிலும் பியூட்டைல் ஷீட் (பசையுள்ள ரப்பர் போன்ற விரிப்பு) ஒட்டினேன். கதவு மூடும் சத்தம் கனமானது. இரைச்சல் அப்படியே இருந்தது. அந்த ஷீட், காரின் உலோகத் தகட்டின் அதிர்வைத்தான் அடக்கும்.

பின் டயரைத் தடவிப் பார்த்தபோதுதான் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று புரிந்தது. ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த்திசையில் ரம்பப்பல் மாதிரி தேய்ந்திருந்தது! டயர் மாற்றி, வீல் அலைன்மென்ட் செய்ததும் முக்கால்வாசி போயேபோச்சு. மீதிக்கு ஸ்டெப்னி குழியிலும் பின்சக்கர வளைவுகளிலும் ஷீட் ஒட்டி, மேலே ஃபோம் போட்டேன். (தண்ணீர் வடியும் துளைகளைத் தயவுசெய்து அடைத்துவிடாதீர்கள்.) பின்சீட்டிலிருந்து அம்மா பேசுவது இப்போது தெளிவாகக் கேட்கிறது. அந்தப் பதிவுக்கு 'முதலில் டயரைப் பாருங்க' என்று பதில் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.